திக்காமல் படித்த காகிதம்

மார்ச் 3, திங்கள்

இன்று ‘ஞ’ என் பேச்சைக் கேட்டது. ஒரு வாரமாக முரண்டு பிடித்த எழுத்து. டீச்சரம்மா பார்த்துவிட்டு, “இப்பத்தான் ஐயா இது நிமிர்ந்து நிக்குது” என்றார். அவர் பகலில் மருந்துக்கடையில் நிற்பவர். சாயங்காலம் வாசகசாலையின் பின்னறையில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். என் விரலைப் பிடித்துத் திருப்பும்போது எனக்குக் கூச்சமும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

நாற்பது வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தேன். படுக்கை விரிப்பின் மூலையில் நீலமாக ஏதோ இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கறை என்று நினைத்துத் தேய்த்திருக்கிறேன்! அது ஆஸ்பத்திரியின் பேராம். இப்போது அதை எழுதக்கூடத் தெரியும்.

மார்ச் 5, புதன்

நிறைய எழுத ஆசை. கை வலிக்கிறது. நாளைக்கு.

மார்ச் 9, ஞாயிறு

டீக்கடை டிவியில் தலைவர் ஒருவர் பேசினார். “தடித்தடியாப் புஸ்தகம் படிச்சவங்க இந்த நாட்டுக்கு என்ன செஞ்சு கிழிச்சாங்க?” கடையே கை தட்டியது. நெட்டை மேசையில் தட்டினான். சலவைக்கூடத்தில் எனக்கு அடுத்த தொட்டியில் நின்றவன் அவன்.

“என்னடா மேதாவி, நீ தட்டலையா? ஜட்ஜ் வேலைக்கு மனு போட்டிருக்கியா?”

“நீயும் வாயேன்டா. உனக்கும் சொல்லித் தருவாங்க.”

“எதுக்கு? படிச்சவன் பேசுனா நமக்குப் புரியாது. நாம பேசுனா அவனுக்குச் சிரிப்பு வரும். ரத்தத் துணி பூரா நாமதான் அலசினோம். ஒரு டாக்டராவது நம்ம மூஞ்சியப் பாத்திருப்பானா? சொல்லு.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நம்மைப் பார்க்காத மனுஷன் மேல் கோபம் என்றால் அதை எழுத்தின் மேல் ஏன் காட்ட வேண்டும்? எழுத்து என்ன பாவம் செய்தது? — இது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அங்கே தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

கவுன்சிலர் வீடு தேடி வந்தார்!

“பெரியவரே, இந்த வயசுல படிக்கக் கத்துக்கிட்டீங்களாமே. ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டத்துல உங்களுக்கு மரியாதை பண்றோம். மேடையில நாலு வரி நீங்களே படிக்கணும்.”

என் சம்சாரம் இவள், அடுக்களையிலிருந்து தலையை நீட்டி, “மைக்கிலயா?” என்றாள். மைக்கில்தான். காகிதத்தை அங்கேயே தருவார்களாம், பெரிய எழுத்தில்.

மார்ச் 16, ஞாயிறு

படித்துவிட்டேன்.

அவ்வளவு கூட்டத்தை நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பார்த்தால் வரி தப்பிவிடும். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துக்கொண்டு போனேன். ‘உடற்பயிற்சிக்கூடம்’ என்று ஒரு சொல். எவ்வளவு நீளம்! ‘ற்’ இரண்டு தடவை வருகிறது. ஒரு இடத்திலும் திக்கவில்லை. அதை முடித்ததும்தான் பெரிய கைதட்டல். நெட்டை விசில் அடித்தான். இவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசு கொடுத்தார்கள்.

காகிதத்தைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். டீச்சரம்மாவிடம் காட்ட வேண்டும். அவர் ஏனோ கூட்டத்துக்கு வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

டீச்சரம்மா சிரிக்கவில்லை. காகிதத்தை மேசையில் விரித்தார். “ஐயா, ஒரு வரி படிங்க. நிறுத்துங்க. கண்ண மூடிக்கிட்டு, அது என்ன சொல்லுதுன்னு எனக்குச் சொல்லுங்க.”

முதல் வரி: எழுபது வயது வரை ஒரு எழுத்தும் தெரியாமல் மானத்தோடு வாழ்ந்தேன்.
அடுத்தது: படித்தவர்கள் நமக்கு என்ன செய்தார்கள்?
அடுத்தது: இந்த வாசகசாலை நமக்கு எதற்கு?
கடைசி: இதை மூடிவிட்டு இந்த இடத்தில் உடற்பயிற்சிக்கூடம் கட்டித் தாருங்கள்.

கண்ணைத் திறக்கவே மனசு வரவில்லை.

“நானா கேட்டேன்?”

“நீங்கதான் ஐயா கேட்டிருக்கீங்க. நீங்க படிச்ச வீடியோ எல்லார் போன்லயும் சுத்துது. அடுத்த வாரம் முடிவு பண்ணப் போறாங்க.”

எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்தான். ஒவ்வொன்றையும் தப்பில்லாமல் வாயால் எடுத்துக் கொடுத்தேன். சேர்த்துப் பார்க்கவில்லையே, பாவி.

டீச்சரம்மா திட்டியிருந்தால் தேவலை. வழக்கம்போல் பென்சில் சீவிக் கொடுத்தார்.

மார்ச் 18, செவ்வாய்

கடிகாரத்தைக் கழற்றச் சொன்னேன். இவள், “அது என்னங்க பண்ணுச்சு?” என்றாள். மாட்டியே இருக்கட்டும்.

மார்ச் 20, வியாழன்

கவுன்சிலர் ஆபீஸுக்குப் போனேன். கவுன்சிலரைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன். “அது என் பேச்சு இல்லைங்க. எழுதிக் கொடுத்தாங்க, வாசிச்சேன். வாசகசாலைய மூடாதீங்க.”

“நீங்கதானே பெரியவரே படிச்சீங்க? யாராச்சும் உங்க வாயப் பிடிச்சுத் தொறந்தாங்களா?”

சிரித்தார்கள். நான் மறுபடியும் சொன்னேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா? ரெண்டு எழுத்து உள்ள போனதும் எகத்தாளம் வந்திருச்சு. இதுக்குத்தான் சொல்றது, படிப்பு மனுஷனக் கெடுக்கும்னு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்னை ஊருக்கே உதாரணம் என்றார்கள். வியாழக்கிழமை நான் படித்துக் கெட்டவன். நடுவில் நான் செய்ததெல்லாம் ஒரு காகிதத்தின் அர்த்தத்தைத் தெரிந்துகொண்டதுதான்.

மார்ச் 27, வியாழன்

மூடிவிட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

வாசகசாலைக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு படித்தேன். இவ்வளவு நாள் முணுமுணுக்காமல் எனக்குப் படிக்கவே வராது. இன்று வந்தது. ‘பொதுமக்களின் விருப்பப்படி மூடப்பட்டது.’ மூன்று தடவை படித்தேன். என்ன சொல்கிறது என்று நன்றாகத் தெரிந்த பிறகு, பென்சிலை எடுத்துக் கீழே எழுதினேன்: ‘என் விருப்பம் இல்லை.’ அதன் அடியில் என் பேர்.

எழுத்து நடுங்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

நெட்டை வழிமறித்தான். “கதவுல இருக்கிறது உன் எழுத்தாமே. ஆபீஸ்ல உன்ன வச்சு சிரிச்சானுங்களாமே?”

“ஆமா. உனக்கும் சந்தோஷந்தானே?”

“போடா. உன்னக் கிண்டல் பண்ண எனக்கு உரிமை இருக்கு. அவனுங்களுக்கு என்ன இருக்கு? எம் பேரையும் கீழ போட்டு விடு.”

“மாட்டேன்.”

“ஏன்டா?”

“நான் எழுதினா அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது. நான் பட்டது போதாதா?”

கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டுப் போய்விட்டான். இத்தனை வருஷ நட்பு. நான் செய்தது சரியா? தெரியவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மருந்துக்கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே டீச்சரம்மா இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். பழைய ஆட்களில் பாதிப் பேர் வரவில்லை. பயமோ, வெட்கமோ.

நெட்டை வந்தான். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி பென்சிலைப் பிடித்தான். அவன் பேரின் முதல் எழுத்தை எழுதி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. நிமிர்ந்து என்னிடம் கேட்டான்:

“இது என்னடா சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லாது. மத்த எழுத்தும் வரணும்.”

“வரட்டும்” என்று மறுபடியும் குனிந்துகொண்டான்.