உன் மாமாவின் காரும் அப்பாவின் இடது காலும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய், வேளாவேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் முக்கால் பங்கு நலம். மீதிக் கால் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஸ்பீக்கரில் போடு என்கிறார், பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் தொண்டையைக் கனைக்கிறார். அதனால்தான் பட்டறையில் உட்கார்ந்து, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஒரு ஹோஸ் கழண்டதுக்கு இவ்வளவு ரகளையாம்மா? மாமா பாவம்" என்றாய். உன் மாமா உனக்குச் சொன்ன கதை அது. ஹோஸ் கழன்றதாம், கொஞ்சம் ஆவி வந்ததாம், எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்களாம். ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறவன், தன் கண்ணெதிரே நடந்ததை மட்டும் பாதிதான் பார்ப்பான். மீதியை நான் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

ரெண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அந்தக் குட்டி ஸ்போர்ட்ஸ் காரை அவன் வாங்கியது உனக்குத் தெரியும். அது அதன் இன்ஜினோடு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. துரைக்கு அது போதவில்லை. எவனோ உடைத்துப் போட்ட பெரிய காரிலிருந்து ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றி இதில் இறக்கினான். இறக்கியது மெக்கானிக், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்ஜின் நீளம், இடம் குட்டை. முன்னால் துருத்திக்கொண்டிருந்த வாட்டர் பம்ப் ரேடியேட்டரில் போய் முட்டியது. உடனே அந்த பம்பைக் கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து அடைத்துவிட்டு, கரண்டில் ஓடும் பம்ப் ஒன்றை வைத்தான். அந்த பம்பை அங்கிருந்து பார்சலில் அனுப்பிய புண்ணியவதி யார் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? "அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா" என்று நீ எழுதிய துண்டுச் சீட்டு அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பம்ப் நல்ல பம்ப்தான். அதை வைத்த இடத்தைத்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் தானாக வந்து நிறைகிற மாதிரி ரேடியேட்டரின் அடிப்பக்கத்தில் உட்கார வேண்டியதை, பளபளவென்று வெளியே தெரிய வேண்டும் என்று மேலே, பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தான். அங்கே காற்றுதான் சேரும். காற்றைச் சுற்றிக்கொண்டு எந்த பம்ப் தண்ணீரைத் தள்ளும்?

இருபத்திரண்டு வருஷமாக ரேடியேட்டர் பட்டறை நடத்துகிற அக்கா அடுத்த தெருவில் இருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகப் போய்ப் பார்த்துவிட்டு, பம்ப் உயரத்தில் இருக்கிறது, அலுமினியக் குழாயை ரம்பத்தால் வெட்டி அப்படியே மொட்டையாக விட்டிருக்கிறாய், விளிம்பு எழுப்பாத குழாயில் எவ்வளவு கிளிப் போட்டு முறுக்கினாலும் ஹோஸ் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றேன். அதற்கு அவன், "அக்கா, இது நீ பாக்குற லாரி ரேடியேட்டர் இல்ல. இதுக்குன்னே ஒருத்தர் முப்பது வீடியோ போட்டிருக்கார்" என்றான். சரி, முப்பது வீடியோக்காரனையே கும்பிட்டுக்கொள் என்று வந்துவிட்டேன். அன்றைக்கு டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில், கால் வைக்கிற இடத்து மிதியடியைத் தூக்கிப் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. ரோஷம். இதை உன் மாமாவிடம் நான் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அந்த மிதியடிக்கு அடியில்தான், குளிருக்கு வண்டிக்குள் சூடு தருகிற ஹீட்டருக்கு இன்ஜின் தண்ணீரைக் கொண்டுபோகிற ஹோஸ் இருந்தது. நீளம் பத்தவில்லை என்று ரெண்டு துண்டாகச் சேர்த்திருந்தான். எதை வைத்துத் தெரியுமா? செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாயைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பை வைத்து. கொதிக்கிற தண்ணீர் ஓடும் ஹோஸ், மனுஷன் கால் வைக்கிற இடத்தில், ரோஜாச் செடி சாமானில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சீட்டில் யார் உட்கார்ந்தது? சர்க்கரையால் பாதத்தில் ஐந்து வருஷமாக உணர்ச்சியே இல்லாத உன் அப்பா.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலையில், இவனைப் போலவே வேலைவெட்டி இல்லாத பத்துப் பன்னிரண்டு கார்க்காரர்கள் சேர்ந்து அணைக்கட்டு வரைக்கும் மேட்டுப் பாதையில் போனார்கள். பாதி ஏற்றத்திலேயே இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறியதாம். இவன் ஃபேனைப் போட்டுவிட்டு மிதித்தானாம். அப்புறம் முள் தானாகவே இறங்கியதாம். "பாருங்க அத்தான், ஐஸ் மாதிரி இருக்கு!" என்று உன் அப்பாவின் தொடையைத் தட்டினானாம். முள் ஏன் இறங்கியது? சூட்டை அளக்கிற சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லை, அதனால் இறங்கியது. தண்ணீர் எல்லாம் உன் அப்பாவின் ஷூவுக்குள் இருந்தது. கொஞ்ச தூரத்தில் இன்ஜின் தட்ட ஆரம்பித்து வண்டி நின்றுவிட்டது. எனக்கு போன் வந்தது, வேனை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். அத்தனை பேரும் பானெட்டைச் சுற்றி நின்று ஆவியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்ல, ஷூ கொஞ்சம் நனைஞ்சிருக்கு" என்றார். ஷூவிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நான் மெதுவாகக் கழற்றினேன். சாக்ஸைக் கழற்றும்போது தோலும் கூடவே வந்தது. அவருக்கு அது தெரியவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

இதற்கு மேல் சுற்றிவளைக்கவில்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பித்தது, புண் ஆறிக்கொண்டு வருகிறது, டாக்டர் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மூன்று வாரமும் நீ போன் செய்தபோதெல்லாம், வெளியூரில் ஒரு கல்யாணம் என்றும், சிக்னல் சரியில்லை என்றும் அளந்தது உன் அப்பாவின் ஏற்பாடு. "புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கா, பதறிக்கிட்டு ஓடி வருவா" என்றார். நீ ஓடி வர வேண்டாம். லீவு கிடைக்கிறபோது நிதானமாக வா.

உன் அப்பாவையும் சும்மா விட முடியாது. ஆஸ்பத்திரியில் நானே துருவித் துருவிக் கேட்டேன். சுடுவது தெரியாது, சரி. மிதியடி சொதசொதவென்று இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லையா, ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற மருந்தின் தித்திப்பு வாடை வந்திருக்குமே, மூக்குக்கும் சர்க்கரையா என்றேன். தெரிந்ததாம். சொல்லவில்லையாம். ஏன் என்றால், "உன் தம்பி பாடிக்கிட்டு ஓட்டினான். அவன் பொண்டாட்டி தவறினதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துல அன்னைக்குத்தான் அவன் குரலே வெளிய வந்துச்சு" என்கிறார். பாட்டு நிற்கக் கூடாதாம், விரல் போனால் போகட்டுமாம். இப்படி ஒரு ரசிகர் கிடைக்க உன் மாமா கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கதை அதோடு முடிந்திருந்தால்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மெக்கானிக் இன்ஜின் தலையைக் கழற்றிச் சீர்செய்து கொடுத்ததும், இந்தப் பீடையே வேண்டாம் என்று உன் மாமா வண்டியைப் பல் டாக்டர் ஒருவருக்குக் கொடுக்க முடிவு செய்தான். அதே பம்ப், அதே இடம், அதே மொட்டைக் குழாய்! ரோஜாச் செடி சாமானுக்குப் பதில் அதிலேயே புதிதாக இன்னொன்று. டாக்டர் தன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போகப் போகிறாராம். கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில், நேராகப் போய்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வண்டியைப் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்துவிட்டேன்.

நாலு நாள் வேலை. பம்பை ரேடியேட்டருக்கு அடியில் இறக்கினேன். எல்லாக் குழாய் முனையிலும் விளிம்பு எழுப்பினேன். ஹீட்டர் ஹோஸை உள்ளே ஒரு இணைப்புகூட இல்லாமல் ஒரே நீளமாக, சைலன்சர் குழாய்ப் பக்கமே போகாமல் கொண்டுபோனேன். உச்சியில் காற்றை வெளியே விட ஒரு திருகு, தண்ணீர் குறைந்தால் எரிய ஒரு சிவப்பு லைட். உன் மாமா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நாளிலிருந்தே நான் அவனோடு பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன், மேலே இருந்து சொல்கிறான்: "அக்கா, இத ஓட்டுறப்ப மட்டும்தான் வீட்டுல யாரும் இல்லங்கிறது மறந்து போகுது." பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு என்றேன். எடுத்துக் கொடுத்தான்.

புதன்கிழமை வண்டி தயார். டாக்டர் வருவதற்கு முன்னால் ஒரு தடவை போய்வரலாம் என்று உன் அப்பா நச்சரித்தார். கட்டுப் போட்ட காலோடு அதே சீட்டில், வெட்கமே இல்லாமல்! நான்தான் ஓட்டினேன். முள் நடுவில் நின்றது, அசையவில்லை. ஆனாலும் நாலு தடவை ஓரம் கட்டினேன், குனிந்து அவர் காலுக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று காய்ந்து கிடந்தது. நாலாவது தடவை என் கைமேல் அவர் தன் கையை வைத்து, "போதும்மா, ஓட்டு" என்றார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், உன் மாமாவிடம் சொல்லிவிடாதே.

வியாழக்கிழமை டாக்டர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் உன் மாமா தன் மூக்குக் கண்ணாடிக் கடையைத் திறக்காமல் பட்டறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வா, வந்து சாப்பிடு என்று சொல்லிவிட்டேன். தினமும் மத்தியானம் வருகிறான். உன் அப்பாவின் காலுக்கு மருந்து வைத்துக் கட்டுவது இப்போது அவன் வேலை. சுமாராகத்தான் கட்டுகிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலையில் நல்ல பெயர் எடுத்து, மனசுக்குப் பிடித்தபடி நூறு வருஷம் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் வந்ததைக் காட்டிக்கொள்ளாதே, விரலைப் பற்றி நீயாகக் கேட்காதே. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று அவர் கண்ணாடி முன் நின்று முணுமுணுத்துப் பார்ப்பதை இரண்டு நாளாகக் கவனிக்கிறேன். அவராகச் சொல்லட்டும். சொல்லும்போது முதல் தடவையாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா