துவாயில் சுற்றிய கண்ணாடிப் பூ

பெட்டி கட்டலாம் என்று அலுமாரியின் அடித்தட்டில் கையை விட்டேன். குளிக்கிற துவாயில் சுற்றிய உன் கண்ணாடிக் குண்டு விரலில் நங்கென்று இடித்தது. "ஐயோ" என்று கத்திவிட்டுச் சிரித்தும்விட்டேன். போய்ச் சேர்ந்த பிறகும் உன் குழப்படி குறையவில்லையடி.

இந்த அரபு நாட்டில், அல் ஐனில் நீ வேலை செய்த வீட்டு அமெரிக்க மேடம் நாடு திரும்பும்போது, விருப்பமான ஒரு சாமானை எடுத்துக்கொள் என்று உனக்குச் சொன்னார். நீ மைக்ரோவேவோடு வருவாய் என்று நாங்கள் ரூமில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தோம். நீ வந்ததோ கையளவு கண்ணாடிக் குண்டோடு. உள்ளே ஒரு சிவப்புப் பூ, இரண்டு பச்சை இலை, இதழ்களில் பனி விழுந்த மாதிரிக் காற்றுக் குமிழிகள். கடதாசி பறக்காமல் வைக்கிற பாரமாம். மேடத்தின் பூட்டி காலத்து அமெரிக்கக் கைவேலையாம்.

"எடி விசரி, இந்த ரூமில பறக்கிறதுக்கு என்னடி கடதாசி கிடக்கு?"

"தண்ணி ஊத்தாமலே பூத்துக்கொண்டு நிக்குது. உனக்கென்ன நட்டம்?"

ரூமுக்கு யார் வந்தாலும் அதை யன்னலோரம் தூக்கிப் பிடித்துக் காட்டுவாய். எனக்கு எரிச்சலாக வரும். உனக்கென்று நீ ஆசைப்பட்டு எடுத்த ஒரே சாமான் அதுதான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

பிறகு உனக்கு அந்தப் பொல்லாத நோய் வந்தது. வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டாய். அந்த மாதம்தான் என் மகளின் கல்யாணம். எனக்கு லீவு இல்லை என்று என் கஃபீல் முதலாளி கையை விரித்துவிட்டார். கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டார் தருவது. மணவறைக்கு முதலில் உடுத்து வரும் சேலைதான் தாயின் பங்கு. அதை வாங்கி வைத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போகிறவரின் பெட்டியில் ரூமில் உள்ளவர்களின் பார்சலும் போவது இங்கே வழக்கம் என்றாலும், வருத்தக்காரியிடம் எந்த முகத்தோடு கேட்பது? நீயே வந்து பிடுங்கி உன் பெட்டியில் வைத்தாய்.

ரூம் தராசை நம்பிப் போனோம். விமான நிலையத் தராசு பாரம் கூடிவிட்டது என்றது. கைப்பை முழுக்க உன் மருந்துகள். பெட்டியை நிலத்தில் வைத்துத் திறந்தோம்.

"என்ட சேலையை எடு. நான் கார்கோவில அனுப்புறன்" என்றேன். கார்கோ கல்யாணத்துக்குப் பிறகுதான் போய்ச் சேரும் என்று உனக்கும் தெரியும்.

நீ துவாய்ச் சுற்றை எடுத்து என் கையில் திணித்தாய். "பிள்ளை என்னத்தை உடுத்து மணவறைக்கு வாறது? வாயை மூடிக்கொண்டு இதைப் பிடி. யல்லா, பின்னால சனம் நிக்குது."

மகள் அந்தச் சேலையில் நடந்து வந்ததை போனில்தான் பார்த்தேன். அவளுடைய தலைப்பை இழுத்துச் சரிசெய்த மெலிந்த கை உன்னுடையது. எத்தனை கடவுளைக் கும்பிட்டாலும் அந்தக் கைக்குப் பிறகுதான் எனக்கு மற்றவர்கள்.

இப்போது நானும் முடித்துக்கொண்டு போகிறேன். பெட்டியை நிறுத்துப் பார்த்த ரூம் பெட்டையள், "அக்கா, இந்தக் கல்லை விட்டிட்டுப் போங்கோவன்" என்கிறார்கள். அயர்ன்பொக்சை எடுத்து அவர்களிடம் கொடுத்தேன். பால்மாவையும் கொடுத்தேன்.

உன் படத்துக்கு வைக்கிற பூ மத்தியானத்துக்குள் வாடிவிடுகிறதாம், உன் மகன் சொன்னான். கொஞ்சம் பொறு. தண்ணி ஊத்தத் தேவையில்லாத பூவோடு வருகிறேன்.