மூன்று பாட்டில் உன் பாட்டு எது?

என் ஆசை மச்சான் கருப்பையா,

இது யாரிடமும் சொல்லி எழுதி வாங்கிய கடிதம் இல்லை. நானே எழுதுகிறேன். பலாபத்வல பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. நீ கண்ணை மூடிய பிறகுதான் சேர்ந்தேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆனாலும் எழுதிய வரியைத் திரும்ப வாசிக்கும்போது வருகிற சந்தோஷத்தை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

சேதி இதுதான். நம் பாட்டு இசைத்தட்டாக வரப்போகிறது. மாத்தளை டவுனில் ரேடியோ கடை வைத்திருக்கும் சலீம் நானா, நம் தோட்டத்துக் காமன் கூத்துக்கு டேப் ரெக்கோடரோடு வந்து நாம் பாடியதைப் பிடித்தாரே, அந்த நாடாவைக் கொழும்புக்கு அனுப்புகிறார். அங்கேதான் தட்டு செய்வார்கள். தட்டு சின்னது. பக்கத்துக்கு ஒரு பாட்டுத்தான் பிடிக்கும். நாடாவிலோ, இரவெல்லாம் நாம் பாடியதில் அங்கங்கே பிடித்த மூன்று பாட்டு இருந்தது.

நாடாவோடு ஒரு காகிதமும் போக வேண்டும். பாட்டின் பெயர், பாடியவர், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பாட்டுக்குப் பெயர் கேட்டதும் திகைத்துவிட்டேன். நாம் எந்தப் பாட்டுக்காவது பெயர் வைத்தோமா? அழுகைப் பாட்டு, வாதுப் பாட்டு என்றுதானே சொல்வோம்? அதையே எழுதினேன்.

"பாடினது யாரு? பிழையா எழுதிப்போடாதீங்க. தட்டு அடிச்சிட்டா பொறகு மாத்த ஏலா" என்றார் நானா.

நாடாவை ஓட்டினார். முதல் இரண்டு பாட்டிலும் ஒரே குரல், தேன் மாதிரி. கடைசி அடியில் உன் பெயர் வந்தது. மூன்றாவது, தகரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது போலக் கரகரவென்று இருந்தது. அதன் கடைசியில் என் பெயர்.

"மொத ரெண்டுலயும் கருப்பையாண்டு வருதே, அப்ப பாடினது அவர்தானே?" என்றார் நானா.

என் குழப்பம் அங்கேதான் தொடங்கியது. நம் கூத்தில் பாடி முடிக்கிறவன் தன் பெயரையா சொல்வான்? எதிரே நிற்கிறவன் பெயரைச் சொல்லித்தானே அடுத்த பாட்டுக்கு அழைப்பான்? அப்படிப் பார்த்தால் தேன் குரல் என்னுடையது. அது எப்படி? இத்தனை வருஷமாகப் பாடுகிற எனக்கு என் குரல் தெரியாதா? பாட்டை வைத்தும் சொல்ல முடியாது, எல்லாப் பாட்டையும் இரண்டு பேருமே பாடுவோமே. அன்றைக்குக் கள்ளு மயக்கத்தில் இரண்டு பேருமே வழக்கத்தை மறந்துவிட்டோம் என்று முடிவு கட்டினேன்.

"நானா, அந்தக் கரகரப் பாட்டு என்னோடது. அத வெட்டிருங்க. ரெண்டு பக்கமும் எங்க மச்சான் பாட்டே இருக்கட்டும்" என்றேன்.

போனவனுக்கு இதைவிட என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். நானா பிளேடால் நாடாவை வெட்டி, மூன்றாவது பாட்டைச் சுருட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். நான் காகிதத்தில் 'பாடியவர் கருப்பையா' என்று இரண்டு தடவை எழுதினேன்.

நாடா கொழும்புக்குப் போகுமுன் உன் குரலை ஒரு முறை கேட்கட்டும் என்று மறுநாள் என் தங்கச்சி செவந்தியை, உன் வீட்டுக்காரியை, பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"எங்கண்ணே அவரு?" என்றாள்.

"என்னா புள்ள, இவ்வளவு நேரம் பாடினது யாராம்?"

"நீங்கதான். ரெண்டும் நீங்க. பொறந்ததுலருந்து கேக்குறேன், எனக்குத் தெரியாதா? அவரு பாட்ட என்னா செஞ்சீங்க?"

நானா டின்னைத் திறந்து அந்த நாடாவை மாட்டினார். தகரக் குரல் எழும்பியதும் அவள் ரெக்கோடருக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எந்நேரமும் இருமுறவரு, அன்னைக்கு இருமாமலே பாடிட்டாரு" என்றாள்.

"யாருக்கும் அவனவன்ட சத்தம் வெளங்காது" என்றார் நானா. "மொத தடவ என்ட சத்தத்தக் கேட்டுட்டு, இது எங்கட மச்சினன்டு நெனச்சி ஏசினேன்."

மச்சான், உன்னை உயர்த்துவதாக நினைத்துக்கொண்டு உன்னையே வெட்டி டின்னில் போட்டிருக்கிறேன். செவந்தி வராமல் இருந்திருந்தால், உன் பெயர் போட்ட தட்டில் இரண்டு பக்கமும் நானே பாடிக்கொண்டிருப்பேன்.

இன்னும் எனக்குத் தெளியவில்லை. எத்தனை மாசி மாதம் உன் எதிரே நின்று கேட்டிருக்கிறேன்? ஒரு நாளும் அது தகரமாகப் பட்டதில்லையே. நாடாவுக்குள் போனதும் ஏன் எனக்கு உன்னைத் தெரியாமல் போயிற்று? என் குரல் தேன் என்றால் நீ ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை? தலைக்கனம் வந்துவிடும் என்றா?

நானா என் பாட்டில் ஒன்றை எடுத்துவிட்டு உன் பாட்டை ஒட்டிவிட்டார். நான் காகிதத்தைப் புதிதாக எழுதினேன். முன்பக்கம் நீ, பின்பக்கம் நான். கொழும்பிலிருந்து முதலில் ஒரே ஒரு தட்டு, சரிபார்க்க வருமாம். நான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் மற்றவற்றை அடிப்பார்களாம்.

அந்தத் தட்டை நான் முதலில் கேட்கப்போவதில்லை. செவந்தி கேட்கட்டும். "இது அவருதான்" என்று அவள் தன் வாயால் சொன்ன பிறகே கையெழுத்துப் போடுவேன். அதுவரை யார் அவசரப்படுத்தினாலும் நான் அசையமாட்டேன், மச்சான்.

தங்கச்சியை உனக்குக் கட்டித் தந்த
உன் மச்சான் செல்லமுத்து