அண்ணனின் கால்மாட்டில் காலிங் பெல்

அண்ணே,

பக்கத்து வீட்டில் இன்று காலிங் பெல் மாட்டினார்கள். அந்தக் காலத்து 'கிர்ர்' சத்தம். வேலை செய்கிறதா என்று பார்க்க எலக்ட்ரீசியன் ஒரே ஒரு தடவை அமுக்கினார். உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிறந்ததிலிருந்து உனக்குப் பேச்சு வரவில்லை. இடது கால் மட்டும் கொஞ்சம் அசையும். அதனால் எதுவும் புரியாது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். திண்டுக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நம் ரெட்டியார்சத்திரத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, உன் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் அம்மாவிடம் சொன்னேன்: "இவனைத் தூக்கி மாட்டுக்கொட்டத்துல போடுங்கம்மா. அவுங்க பாத்தா சம்பந்தம் நின்னுபோகும். இவனுக்கு என்ன தெரியப் போகுது?" போட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் உன்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவர். ரேடியோவில் பாட்டு நின்றால் உன் கால் ஆட்டமும் நிற்பதைக் கவனித்தவர் அவர்தான். அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், நாலு பேட்டரிக் கட்டையோடு ஒரு காலிங் பெல்லைச் சேர்த்து, சுவிட்சை உன் பாதத்துக்கு அடியில் கட்டினார்.

"ஆமான்னா ஒரு தடவை, இல்லைன்னா ரெண்டு தடவை அமுக்குங்க மச்சான். நாங்க பேசுறது புரியுதா?"

ஒரு தடவை.

"கால் தெரியாம பட்டிருக்கும் மாப்ள," என்றார் அம்மா.

அவர் என்னைக் காட்டி, "இவளா உங்க அம்மா?" என்றார்.

இரண்டு தடவை.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தினமும் உன் பக்கத்தில் முழங்கால் போட்டு, "இவனை எனக்கு முந்தி எடுத்துக்கிரும் ஆண்டவரே" என்று வாய்விட்டு ஜெபித்தவர் அவர். இருபத்தாறு வருஷம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே படுத்திருந்திருக்கிறாய்.

எல்லோரும் வெளியே போனதும் கேட்டேன்.

"மாட்டுக்கொட்டத்துல போடச் சொன்னேனே, கேட்டுச்சா அண்ணே?"

ஒரு தடவை.

"எம்மேல கோவமா?"

யோசிக்கவே இல்லை நீ. ஒரு தடவை.

அடுத்த கேள்வி தொண்டை வரை வந்தது: என்னை மன்னித்தாயா? இரண்டு தடவை அமுக்கிவிடுவாயோ என்று பயந்து, "கஞ்சி வேணுமா?" என்றேன். அந்த வருஷ மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போகும்வரை உப்பு போதுமா, வெயில் படுதா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன், பாவி.

"மச்சான் எப்பவோ மன்னிச்சிருப்பாரு, விடு," என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு ஆத்திரமாக வருகிறது. உன்னைக் கேட்காமல் உனக்காக நாங்கள் பதில் சொன்னது போதாதா? அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உன்னைத் தவிர யார் சொன்னாலும் அது பதில் ஆகாது, அண்ணே.