பறக்கும் படகில் உன் இருக்கை

என் அன்பு மச்சான் குணம்,

கேட்டால் சிரிப்பாய். போன சனிக்கிழமை உன்னுடைய பறக்கும் படகில் ஏறினேன். ஓம், நானேதான்.

எசன் நகருக்கு வெளியே அந்த ஏரிக்கரைக் கொட்டகையில் ஆறு வருடமாக நீயும் ஜெர்மன்காரக் கிழவர்களும் அந்தப் பழைய நீர்விமானத்தைத் திருத்திக்கொண்டிருந்தீர்கள். நான் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் கடற்படை விமானிகளைப் பழக்குவதற்காகக் கட்டியது என்று நீ சொன்ன அன்றே எனக்குக் கோபம். "குண்டுவீச்சுக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள். உனக்குப் பட்டாளத்து விமானம்தானா கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"இது பழகுற பிள்ளையளின்ர வண்டி மச்சான். தண்ணியில இறங்கப் பழக்கினது, அவ்வளவுதான்" என்றாய். அதோடு அந்தப் பேச்சை விட்டோம். நீ போய்ச் சேரும்வரை எடுக்கவேயில்லை.

நீ கண்மூடி எட்டு மாதம் கழித்து, கொட்டகையை நடத்தும் ஹெல்முட் உன் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். வேலை முடிந்தது, தண்ணீரில் இறக்கப்போகிறோம், குணத்தின் வீட்டார் வரவேண்டும் என்றார். வசந்தி என்னையும் கூப்பிட்டாள். என் தங்கை கேட்டு நான் மறுக்க ஏலுமா?

மச்சான், அது அவ்வளவு வடிவு! மரத்தில் இழைத்த படகு உடம்பு, இரண்டு அடுக்குச் சிறகு, தலைக்கு மேலே எஞ்சின். ஆசிரியரும் மாணவனும் அருகருகே இருக்க இரண்டு இருக்கை. ஹெல்முட் ஒன்றில் ஏறிக்கொண்டு மற்றதைத் தட்டிக் காட்டினார். உனக்கென்று வைத்திருந்ததாம்.

வசந்தி என்னைத் தள்ளினாள். "அண்ணை, நீங்கள் ஏறுங்கோ. எனக்கு நீந்தத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமோ?"

"அப்ப அந்த மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டுங்கோ!"

எஞ்சின் உறுமியதும் என் தலை முழங்காலுக்குள் போய்விட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும்! ஹெல்முட் உடனே நிறுத்தினார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஊரில் இந்தச் சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் ஓடுவோம் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

"தெரியும்" என்றார் அவர். "முதல்முறை எஞ்சினை ஓட்டிப் பார்த்த அன்று குணம் மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கிழமை அவராகவே வந்து, திரும்பவும் ஓட்டுங்கள் என்றார்."

ஏன் மச்சான் எனக்கு இதைச் சொல்லவில்லை? நான் பகிடி பண்ணுவேன் என்று நினைத்தாயா? அல்லது, நான் கேட்கவேயில்லையா?

"திரும்பவும் ஓட்டுங்கள்" என்றேன்.

ஏரி இரண்டாகப் பிளந்து முகத்தில் அடித்தது. எங்கேயோ ஒரு பொருத்து கசிந்து என் சப்பாத்து நிறையத் தண்ணீர். ஹெல்முட் கத்தினார், நானும் கத்தினேன். என்ன கத்தினோம் என்று இருவருக்கும் தெரியாது. கரையில் வசந்தி விழுந்து விழுந்து சிரித்தபடி படம் எடுத்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

பறக்கவில்லை. அதற்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டிருக்கிறார்கள்; இந்த நாட்டுக் கடதாசி வேலை உனக்குத் தெரியும்தானே. அனுமதி வருமட்டும் சனிக்கிழமைகளில் கசிவு அடைக்க நான் வாறன் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்கு. அது தண்ணீரை விட்டு எழும்பும் நாளில் நான் வெளியில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். ஓடமாட்டேன்.

உன் வசந்தியின் அண்ணன்,
என்றைக்கும் உன் மச்சான்,
தவம்