ஹிமுரோ டீச்சருக்கு நான் பிடித்த அறை

என் செல்ல மகள் சிஹோவுக்கு, அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுக்கிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் இடது கால் மட்டும் வழக்கம்போல அவர் பேச்சைக் கேட்பதில்லை. இங்கே செண்டாயில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, அங்கே சாவோ பாவ்லோவில் இப்போது குளிர்காலம் என்பது எத்தனை வருடமானாலும் எனக்குப் பிடிபட மாட்டேன் என்கிறது. போட்டோவில் மெலிந்து தெரிகிறாய், கம்பளி உள்சட்டை போடுகிறாயா. தானபாத்தா விழா முடிந்து, கடைத்தெருவில் தொங்கிய காகிதத் தோரணங்களை நேற்றுத்தான் கழற்றினார்கள். இந்த விழாவில் நான் ஒரு காரியம் செய்தேன். போனில் சொன்னால் நடுவில் தடுப்பாய், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

ஹிமுரோ டீச்சர் வந்திருந்தாள். அவளேதான், உனக்கு மாமியாராக வந்திருக்க வேண்டியவள். அன்று இரண்டு குடும்பமும் முதன்முதலாகச் சந்திக்க, ரயிலடியின் கிழக்கு வாசலுக்கு எதிரே ககுதா நடத்தும் சின்ன ஹோட்டலை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அப்பா பக்கவாதத்திலிருந்து எழுந்த புதிது, வாசலில் படியில்லாத இடம் அது ஒன்றுதான், சாப்பாடும் கைப்பக்குவமாக இருக்கும். அவள் டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் வந்து இறங்கி, உள்ளே ஓர் அடி வைத்து, அங்கிருந்த குளிர்பான இயந்திரத்தையும் அப்பாவின் கைத்தடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது ஹோட்டல் இல்ல, லாட்ஜ். சம்பந்தம் பேச இங்க கூப்பிடுறவங்க வீடு எப்படி இருக்கும்னு போய்ப் பார்க்கவே வேண்டாம்" என்று மகனிடம் சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தாள். உன் யசுனோரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனான். நீ கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாய். அப்பா வெளியே நின்று, "தப்பு என் காலோடது, தப்பு என் காலோடது" என்று கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ கேட்டாயோ என்னவோ. என் காதில் அது இன்றுவரை ஓயவில்லை.

இந்த வருடம் கோத்தோ நரம்பு வாத்தியச் சங்கத்தின் மாநாடு விழா வாரத்தில் நம் ஊரில். வெளியூர்க் கலைஞர்களுக்கு அறை பிடிக்கும் பொறுப்பு என் தலையில். சிறப்பு விருந்தாளி அவள்தான் என்று தெரிந்தும், சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் நேர்மையாகத்தான் செய்தேன். பனிக்காலத்திலேயே ரயிலடியைச் சுற்றி ஒவ்வொரு ஹோட்டலாக ஏறி இறங்கினேன். ஒன்றில் ரயில் சத்தம் தலையணைக்குள்ளேயே ஓடுகிறது, ஒன்றில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர் மூக்கில் இடிக்கிறது. கடைசியில் மேற்கு வாசல் நடைமேம்பாலத்தோடு ஒட்டிய பெரிய ஹோட்டலில், மேல் மாடியில், வாத்தியத்தை நீட்டி வைக்க இடமுள்ள அறையாகப் பார்த்து அவள் பெயரில் வைத்தேன். வசந்தத்தில் அவள் சிஷ்யை போன் செய்தாள். "டீச்சர் தங்குற இடத்தை டீச்சரே பார்த்துப்பாங்களாம். உள்ளூர்க்காரங்க ரசனையை நம்ப முடியாதுன்னு சொல்றாங்க. அதை ரத்து பண்ணிடுங்க" என்றாள். விழா வாரத்துக்குத் தாமதமாகத் தேடினால் செண்டாயில் ஓர் அலமாரிகூடக் கிடைக்காது என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம். எச்சரிக்கவில்லை. "ஆகட்டும்மா" என்று சொல்லி ரத்து செய்துவிட்டுக் கொக்கு மாதிரிக் காத்திருந்தேன்.

ஜூலைக் கடைசியில் அதே பெண் அழாத குறையாகக் கூப்பிட்டாள். "எங்கயுமே இடம் இல்லையாம், டீச்சர் கத்துறாங்க, நீங்கதான் ஏதாவது பண்ணணும்" என்றாள். நான் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போன் போட்டேன். ககுதாவிடம் தண்டவாளம் பார்த்த, சிகரெட் வாடை போகாத ஓர் அறை மிச்சமிருந்தது. "அதை யாருக்கும் குடுக்குறதில்லம்மா" என்றார். யாருக்கு என்று சொன்னேன். "அப்ப ஜன்னலையும் துடைக்காம விடுறேன்" என்றார்.

டீச்சர் பட்டுக் கிமோனோவில் வியர்த்து வழிய, சிஷ்யைகளோடு வந்து சேர்ந்தாள். மூன்று மணிக்கு முன்னால் சாவி கிடையாது என்று வரவேற்புப் பெண் சிரித்த முகம் மாறாமல் சொல்லிவிட்டாள். வெளியே திருவிழாக் கூட்டம், போக வேறு இடமில்லை, அந்தக் குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்து காபி குடித்தேன். பேசாமல் பார்த்துக்கொண்டு இருப்பதாகத்தான் எண்ணம். அவள் எழுந்து குனிந்து வணங்கி, "அறை பிடிச்சுக் குடுத்தது நீங்கதானா, பெரிய உபகாரம். நாம இதுக்கு முன்னாடி பார்த்திருக்கோமா?" என்று கேட்டாள். சிஹோ, அவளுக்கு நினைவே இல்லை. நம் வீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனது அவளுக்கு ஒரு ரயில் டிக்கெட்டைக் கிழித்துப் போட்ட மாதிரி. சிஷ்யைகள் முன்னால், குரலை உயர்த்தாமல், எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே நின்றாள், என்ன சொன்னாள், எந்தக் கதவுக்கு வெளியே என் புருஷன் தன் காலையே திட்டிக்கொண்டு நின்றார், என் மகள் ஏன் பூமிக்கு அந்தப் பக்கம் போய் இருக்கிறாள், எல்லாம். "அந்த லாட்ஜ்தான் இது, டீச்சர். ரயிலடி பக்கத்துலதான் இருக்கு, திரும்பிப் போறதுன்னா போகலாம்" என்றேன். சிஷ்யைகள் விசிறியை விரித்து அதிலிருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மறுபடி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். மூன்று மணிக்குச் சாவி வந்ததும் வாங்கிக்கொண்டு மேலே போனாள். எனக்கு வயிறு குளிர்ந்தது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

மறுநாள் வழியனுப்ப நடைமேடைக்குப் போனேன், அதுவும் என் பொறுப்புதான். சிஷ்யைகளை முன்னால் ஏற்றிவிட்டு அவள் மட்டும் நின்றாள். "யசுனோரி இன்னும் கல்யாணம் பண்ணிக்கல. என்கூட முகம் குடுத்துப் பேசுறதும் இல்ல. உங்க பொண்ணு விலாசத்தைக் குடுத்தா, அதைச் சாக்கா வச்சாவது அவன் வீட்டுக் கதவைத் தட்டுவேன்" என்று தலை என் இடுப்பளவு தாழக் குனிந்தாள். "விலாசம் மறந்துபோச்சு" என்றேன். ரயில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அவகிட்ட தீர்க்க வேண்டியதைத் தீர்த்துட்டே, சரி. ஆனா அந்த விலாசம் உன்னோடதா? அது சிஹோவோடதாச்சே" என்றார். இந்த மனிதருக்குக் கோபமே வராது, அவர் பங்கையும் சேர்த்து நான்தான் பட வேண்டியிருக்கிறது. ஆனால் இந்த ஒன்றில் அவர் சொல்வது சரி. உன்னைக் கேட்காமல் உன் சார்பில் இல்லை என்று சொல்லிவிட்டேன், அதனால் தெரிவிக்கிறேன். அவன் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறானாம். நீ அவனுக்கு எழுதினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். எழுத மாட்டேன் என்று நீ சொல்கிற அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரிச் சிவப்புப் பயறுச் சோறு பொங்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்பேன்.

பல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதே. நீ கால் வைக்கும் இடமெல்லாம் உன்னை மரியாதையாக உள்ளே அழைக்கட்டும், உடம்பும் மனசும் கெட்டியாக இருக்கட்டும்.

அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

உன் அம்மா,
மிசாவோ