ஏழுமலை குடிக்கவில்லை

5.8.75, செவ்வாய்

கம்பெனிக்காரர்கள் பொய்யர்கள். ஏழுமலை குடிக்கவில்லை.

புழுக்கம். ஆஸ்பத்திரியில் மின்விசிறி ரிப்பேர். புதுவாயல் பக்கம் இரும்புப் பட்டறையில் சங்கிலி மாட்டும் வேலை ஏழுமலைக்கு. அண்ணாந்து பார்த்தார், விழுந்தார். குடித்துவிட்டு வந்தான் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மதுவிலக்குக் காலம், குடித்தான் என்று யாராவது வாயால் சொன்னாலே போதும், குற்றவாளி. யூனியன்? எமர்ஜென்சியில் யார் வாய் திறப்பார்கள்.

ஏழுமலையை மேசைமேல் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாத்தினேன். தலை விளிம்புக்கு வெளியே தொங்கியது. சில நொடி ஒன்றுமில்லை. பிறகு கருவிழி இரண்டும் தரைப்பக்கமாகச் சுழன்று துடித்தன. தானே அடங்கின. தலைசுற்றலுக்குக் காரணம் உள்காதுதான்! புத்தகத்தில் மட்டும் பார்த்தது.

"ஐயோ, ஊடே சுத்துது டாக்டரம்மா! குடிக்கிறவனுக்கு டப்பு குடுத்தாத்தான் சுத்தும். எனக்கு ஓசியில சுத்துது."

சிரித்துவிட்டேன். அவர் மனைவி செல்வி சிரிக்கவில்லை. "ரெண்டு புள்ளைங்கம்மா. வேலை போச்சின்னா இன்னா பண்றது?"

6.8, புதன்

காய்ச்சி ஆறிய தண்ணீர் பாட்டிலை மீன்காரியிடம் வாங்கிய ஐஸில் புதைத்துக் குளிரவைத்து, காது நரம்பைச் சோதிக்கக் காதில் விட்டேன். ஒரு காது, பிறகு மறு காது. இரண்டுக்கும் கண் ஒரே அளவு ஆடியது. நரம்பு சரி.

கம்பெனி மேனேஜருக்கு போன். கண் ஆடுவதை நேரில் பார்த்தால் வேலை தருவாராம். வெள்ளி வருகிறார். காட்டுகிறேன்.

வாங்க வேண்டியது: சோப்பு, மை, குடைக்கு ஒரு கம்பி.

8.8, வெள்ளி

காலையில் மழை. பெரிய டாக்டருக்குக் காட்டினேன். நன்றாக ஆடியது. நர்ஸுகளுக்கு. கொஞ்சம் குறைவு. கம்பவுண்டர், "எனக்கும் ஒரு தபா காட்டுங்கம்மா." காட்டினேன். சந்தோஷம் தலைக்கேறிவிட்டது எனக்கு.

பிறகு மேனேஜர், கூடவே மேஸ்திரி. மல்லாத்தினேன். கண் அசையவில்லை. மறுபடியும். இல்லை.

மேஸ்திரி: "இன்னா ஏழுமல, இன்னிக்கு சரக்கு கிடைக்கலியா?"

மேனேஜர்: "தெளிஞ்சிட்டான் போலிருக்கே, டாக்டரம்மா."

அடுத்தடுத்துச் செய்தால் இந்த ஆட்டம் களைத்துப்போகும், ஓய்வு கொடுத்தால் திரும்பும். புத்தகத்தில் அதே பக்கத்தில், கீழே போட்டிருக்கிறது. படித்தவள்தான் நான்! சாராயத்தின் ஆட்டம் இப்படிக் களைக்காது, இது களைப்பதே அவர் குடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி என்று சொன்னேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். போய்விட்டார்கள்.

ஏழுமலை மேசையை விட்டு இறங்கவில்லை. "பேஜாரு புடிச்ச கண்ணும்மா. மேஸ்திரிய பாத்தா அதுவும் பயப்படுது."

வார்டிலேயே படுக்கவைத்தேன்.

9.8, சனி

விடிந்ததும் முதல் வேலை. மல்லாத்தினேன். ஆடியது! செவ்வாய்க்கிழமை ஆடிய அதே ஆட்டம். செல்வி குனிந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சரி. அவர்கள் தப்பு.

கம்பெனிக்கு போன். மேனேஜரே எடுத்தார்.

"நாளைக்குக் காலையில வாங்க சார். அதுவரைக்கும் அவரை யாரும் தொடமாட்டோம். நீங்களே தலையைப் பிடிச்சு மல்லாத்துங்க. கண்ணு ஆடினா வேலையைத் திருப்பிக் கொடுக்கணும். கொடுப்பீங்களா?"

போனில் பட்டறையின் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டது.

"சார், கொடுப்பீங்களா?"

இரும்பு அடிக்கும் சத்தம்.